ஒரு நுள்ளு அம்மா

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உன்னிடம் வந்து சேருவதற்கு முதல் யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். இன்னொரு பிரதி எழுதி, கம்பளி வேலை நடக்கிற கொட்டிலில் சீப்பு மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டப்போகிறேன். அம்மாவோடு முதல் நாளிலிருந்து கம்பளி பிரித்த இராசாத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவளுக்கு ஒரு காலை முழுவதும் போகும், போகட்டும். உன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுகிற கடிதம் இதுவல்ல என்று எனக்கும் தெரியும். வாழ்த்து எழுதத்தான் இருந்தேன். இரண்டு தரம் இருந்து பார்த்தேன். வாழ்த்து வரவில்லை, அருவருப்புத்தான் வருகிறது. உன்மேல் பாதி, என்மேல் பாதி. அதையே எழுதுகிறேன்.

அருவருப்பு இந்தக் கம்பளியோடு கூடப் பிறந்தது. சுவிஸிலிருந்து நீ அனுப்பிய முதல் பொதி வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார். அங்கே மலையில் ஆடு வளர்க்கிறவர்கள் மயிரை வெட்டி எரிக்கிறார்கள், சும்மா கிடைக்கிறது, அம்மாவுக்குச் சாயம் போடுகிற பைத்தியம் இருக்கிறது, மாங்குளத்தில் வேலையில்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்று போனில் நீ அடுக்கிக்கொண்டே போனாய். தார் றோட்டு உருகுகிற ஊரில் ஆட்டுமயிரை வைத்து என்ன செய்வது, மாட்டுக்குப் போர்த்துவதா என்று நான் சிரித்தேன். பொதியை வெட்டித் திறந்ததும் சிரிப்பு நின்றுபோனது. புழுக்கை காய்ந்து கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. செத்த உண்ணி, வைக்கோல், ஒரு மூலையில் தோலோடு பிய்ந்த துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிசுக்கு. கையில் பட்டால் மூன்று தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாத பிசுக்கு. நான் வேலியோரம் போய்க் குனிந்து நின்றேன். காலையில் சாப்பிட்ட பிட்டு முழுவதும் வந்துவிட்டது. பாய் இழைக்கிற ஓலைக்குச் சாயம் போட்டுப் பழகிய உன் அம்மா மட்டும் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அதற்குள் விட்டு, ஒரு பிடியை இழுத்து, விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. ஊத்தை வெளியாலதான். உள்ளுக்கு வெள்ளையாக் கிடக்கு."

அதை வாய்க்காலில் கழுவ அம்மா விடவில்லை. அந்தத் தண்ணி மற்றவர்களின் வயலுக்குப் போகிறது என்றாள். கிணற்றில் அள்ளி, அண்டாவில் சூடாக்கி, சவர்க்காரத்தில் ஊறவைத்து, ஊத்தைத் தண்ணியை எலுமிச்சை மரத்தடியில் ஊற்றி, திரும்பவும் அள்ளி. ஒன்பது தண்ணி. கிளறக்கூடாது, கசக்கக்கூடாது, சுடுதண்ணியில் வைத்துக் கசக்கினால் கம்பளி திரண்டு கட்டியாகப் போய்விடும். இதெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்தது. பாஷை விளங்காது, கையைப் பார்த்துப் படித்தாள். நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தண்ணி அள்ளிக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

என்னையும் இதற்குள் இழுத்தது மெசின். ஊசிபோல் வளைந்த கம்பிகள் நெருக்கமாகக் குத்திய அந்தப் பட்டையை நீ பார்சலில் அனுப்பினாய். மிச்சத்தை நான் செய்தேன். நெல்லு மில்லில் முப்பது வருசம் மெசின் பார்த்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. முதிரை மரத்தில் இரண்டு உருளை கடையக் கொடுத்து, பட்டையைச் சுற்றி அறைந்து, பழைய சைக்கிளின் செயினும் பல்லுச்சில்லும் பூட்டி, ஒரு கைப்பிடி வைத்தேன். சின்ன உருளை தட்டிலிருக்கும் கம்பளியை உள்ளே இழுக்கும். பெரிய உருளை அதைப் பிடுங்கிச் சீவிச் சுற்றிக்கொள்ளும். சுற்றி நிரம்பியதும் கம்பியால் ஒரு பக்கம் அறுத்து உரித்தால் பாய்போல் முழுதாக வரும். அதனால் அதற்குப் பாய் என்றே பெயர் வைத்தோம், மெசினுக்குச் சீப்பு மெசின். அங்கே இன்டர்நெட்டில் நீ நடத்துகிற கடையில் அதற்கெல்லாம் வேறு பெயர் இருக்கும். வாங்குகிறவர்கள் அந்தப் பாயைக் கிழித்து இராட்டையில் நூற்றுக்கொள்வார்கள் என்று நீ சொன்னாய். குளிர் நாட்டில் பொழுது போகாதவர்களின் விளையாட்டு என்று நான் நினைத்தேன். அதையும் திருத்திக்கொள்ள வேண்டி வந்தது, பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் சாயங்கள் உனக்குத் தெரியும். வெங்காயத் தோலில் ஒரு மஞ்சள், கடுக்காயோடு துருப்பிடித்த ஆணி போட்டால் ஒரு கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தேக்கங்கொழுந்துச் சிவப்பு. சின்ன வயதில் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தேக்கங்கொழுந்தைக் கசக்கி உள்ளங்கையைச் சிவப்பாக்கி, கை வெட்டிப்போட்டுது என்று அவளைப் பயப்படுத்துவாயே, அதே சிவப்பு. படிகாரத்தில் ஊறவைத்த கம்பளியை அந்தக் கொழுந்துத் தண்ணியில் ஒரு பகல் மெல்லிய சூட்டில் வைத்து, ஆறவிட்டு எடுப்பாள். செங்கல்லும் இல்லை, நாவற்பழமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். அதைக் கறுப்போடும் வெள்ளையோடும் சேர்த்து மெசினில் விடும்போது அவளுக்கு இரண்டு சட்டம். தட்டில் கம்பளியைப் பரப்பினால் கீழேயிருக்கும் பலகை தெரியவேண்டும். இரண்டு தரத்துக்கு மேல் விடக்கூடாது. அவசரத்தில் நான் அள்ளிப் போட்டால் மெசின் இறுகி நிற்கும். "ஏன் இந்த அந்தரம், ஆரும் பின்னால கலைக்கினமே?" என்பாள். மூன்றாம் தரம் விட்டால் சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சேறாகிவிடும். இரண்டு தரத்தோடு நிறுத்தினால் ஒவ்வொரு நிறமும் தான் இன்னதென்று காட்டிக்கொண்டு கோடு கோடாக ஓடும். கல்யாணத்துக்கு ஏதாவது சொல்லுங்கோ அப்பா என்று நீ கேட்டாயல்லவா, இதை எடுத்துக்கொள். கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, பலகை தெரியப் போடு, அவளைச் சீவிச் சீவி உன் நிறமாக்கப் பார்க்காதே. இந்த அளவில் நான் கடிதத்தை முடித்திருந்தால் நல்ல தகப்பன்.

சிறுநீரகம் கெட்டு, வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒன்றரை வருசம் அலைந்து, போன பங்குனியில் அம்மா போய்விட்டாள். கடைசி மாதங்களிலும் கதிரையில் இருந்துகொண்டு கொழுந்துத் தண்ணியின் சூட்டை விரலால் பார்த்தாள். அவள் போனபோது அவள் சாயம் போட்ட சிவப்பு ஐந்து பை மிச்சம். நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், எட்டாம் நாள் காரியமும் முடித்தாய். கொடியில் கம்பளி காய்வதையும், அவளுடைய வெறுங்கதிரையையும் போனில் படம் பிடித்தாய். நீ அழுதுகொண்டுதான் பிடித்தாய், நான் பார்த்தேன். அதனால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பிப் போய் அந்தப் படங்களைக் கடையில் போட்டு, 'என் அம்மாவின் கடைசிச் சாயம்' என்று எழுதினாய். அதுவும் பொய்யில்லை. நாலு பையைப் பாயாக்கி அனுப்பினேன், விற்ற வேகம் தெரியாமல் போனது. ஐந்தாவது பையை வீட்டில் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் போன். சனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, முடிந்துவிட்டது என்று சொல்ல மனம் வருகுதில்லை என்றாய். "அப்பா, புதுசா ஒரு சிவப்புச் சாயம் போடுங்கோ. ஒவ்வொரு பாயுக்குள்ளயும் அம்மான்ர கம்பளியில ஒரு நுள்ளு, விரல் நுனியில ஒரே ஒரு நுள்ளு வையுங்கோ. அப்ப பொய் இல்லைத்தானே?" நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் இந்தக் கடிதத்தில் நான் எழுத வேண்டிய முதல் வெட்கக்கேடு. எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி. அவள் பெயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், அவள் இருக்கிற மாதிரி எங்கோ ஒரு ஊரில் யாரோ நினைக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை. கிளிநொச்சிச் சந்தைக்கு பஸ் ஏறிப் போய், சேலைக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தூள் பக்கற் வாங்கிவந்தேன். கொழுந்து பறிக்க, ஊறவைக்க, பகல் முழுவதும் சூடு பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வைத்து அகப்பையால் கிளறினேன். கம்பளி திரண்டது. மெசினில் விட்டால் அரிசிக் குறுணிபோல் சின்னச் சின்ன உருண்டைகள் பாய் முழுவதும். ஐந்தாவது பையைத் திறந்து ஒவ்வொரு பாயுக்கும் ஒரு நுள்ளு எடுத்து வைத்தேன். இரண்டு தரம் விட்டால் அந்த நுள்ளு தனியாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தது. பக்கற் சிவப்புக்குப் பக்கத்தில் அவளுடைய சிவப்பு நின்றால் குருடனுக்கும் தெரியும். அதனால் மூன்றாம் தரம் விட்டேன். நாலாம் தரம் விட்டேன். ஐந்தாம் தரம் அவள் எங்கேயென்று எனக்கே தெரியாமல் போனாள். அம்மா வேண்டாமென்று சொன்ன ஒன்றையே செய்து அம்மாவை மறைத்தேன். ஆறு மாதம் இப்படி ஓடியது.

எங்கே படித்தோம் இதை என்று நீ கேட்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயது இருக்கும். மில்லின் கூரை ஒழுகி ஒரு அடுக்கு நெல்லு நனைந்து பூஞ்சணம் பிடித்தது. அதைக் குத்தி, நல்ல அரிசி நாலு மூட்டைக்கு அது ஒன்றாகக் கலந்துவிடு என்று முதலாளி சொன்னார். நான் கலந்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நீ என்னோடு மில்லுக்கு வந்திருந்தாய், மணக்குது அப்பா என்று மூக்கைப் பொத்தினாய். கலந்தால் தெரியாது என்று உனக்குச் சொன்னேன். அந்த அரிசியில் ஒரு பை எங்கள் வீட்டுக்கும் வந்தது. மத்தியானம் அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, "மணந்து பாருங்கோ" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. உனக்குக் கடையில் வாங்கிய பாண் கொடுத்தாள், தான் தேத்தண்ணி குடித்தாள், எனக்கு மட்டும் கோப்பை நிறைய அந்தச் சோற்றைப் போட்டு முன்னால் இருந்தாள். நான் முழுவதும் தின்றேன். தின்றுகொண்டே உன்னைப் பார்த்துக் கண்ணடித்தேன், நீ சிரித்தாய். அவளுடைய கோபத்தை நாங்கள் இரண்டு பேரும் பகிடியாக்கினோம். அந்த இடத்தில் நான் கண்ணடிக்காமல் விட்டிருந்தால் என்ன என்று இப்போது நினைக்கிறேன்.

இனி, இந்த எல்லாவற்றையும் கிளறிவிட்ட காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். போன மாதம் தபால்காரர் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்தார். நீ கம்பளிப் பையில் போடுகிற சீட்டில் கொட்டிலின் விலாசம் இருக்கிறதே, அதைப் பார்த்து ஒரு பெண்மணி நேரே எனக்கு எழுதியிருந்தார். இராசாத்தியின் மகள், புதுக்குடியிருப்பில் ஆங்கில ரியூசன் கொடுக்கிறாளே, அவள் வந்து வாசித்துச் சொன்னாள். அந்தப் பெண்மணியின் புருசன் நெடுநாள் படுக்கையில் இருந்தாராம். அவர் பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் பாயை நூற்று, அவருக்கு ஒரு கையில்லாத மேற்சட்டை பின்னினாராம். பின்னி முடிய முதல் அவர் போய்விட்டார். மிச்சத்தை ஒரே நாளில் பின்னி முடித்து, அதைப் போட்டுத்தான் சவப்பெட்டியில் வைத்தாராம். 'உங்கள் மனைவியின் கை கடைசியாகத் தொட்ட நிறம் என் கணவரோடு போயிருக்கிறது. அவர் தனியாகப் போகவில்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். தனக்கும் அப்படி ஒன்று பின்னி வைத்துக்கொள்ள ஆசை, அதே நிறத்தில் இன்னும் கொஞ்சம் இருக்குமா, உங்களுக்கென்று வைத்திருந்தால் வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். உறைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பின்னல் துண்டு, பின்னிப் பார்த்த மாதிரி. அதை எடுத்து விரலால் தடவினேன். உருண்டை உருண்டையாக என் விரலில் பட்டது. நான் கொதிக்கவைத்துக் கெடுத்த கம்பளி, சந்தையில் வாங்கிய பக்கற்.

அந்தக் குளிர் நாட்டு விளையாட்டு அன்றைக்கு முடிந்தது எனக்கு. ஒரு மனுசி தன் புருசனைக் கடைசியாக உடுத்தி அனுப்பிய உடுப்பில் என் களவு கிடக்கிறது, இனி அதை யாராலும் எடுக்க முடியாது. கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முதல் பொதியின் பிசுக்கு நாலாம் சவர்க்காரத்திலாவது போனது. இது போகவில்லை. இராசாத்தி செம்பில் தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு நின்றாள்.

"ஐயா, எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாய உரிச்சு எடுக்கறப்ப கையில தெரிஞ்சிச்சு. அக்கா சாயம் போட்டது இப்புடி நெருடாது."

"தெரிஞ்சால் ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

"நீங்க அழுதுக்கிட்டே கைப்பிடிய சுத்துனீங்க. அதுல போயி என்னத்தச் சொல்றது?"

அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருக்கிறேன், தம்பி, நீ அழுதுகொண்டே படம் பிடித்த மாதிரி. அழுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று சனம் நம்புகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல வசதியாகப் போய்விட்டது.

உனக்குப் போன் எடுத்தேன். நீ திடுக்கிடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சந்தோசப்பட்டாய். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய், கடையில் போடலாம் என்றாய். அது கூடாதென்று நான் சொன்னபோது நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

"அப்பா, நீங்கள் ஏன் இதைப் பெரிசாக்கிறியள்? அவா நிம்மதியா இருக்கிறா. இப்ப போய் அதைக் குழப்பி ஆருக்கு என்ன லாபம்? ஒரு நுள்ளு இருக்குத்தானே அதுக்குள்ள. சனம் கம்பளிய வாங்கேல்ல அப்பா, அம்மாவைத்தான் வாங்குது."

"அம்மாவை விக்கிறதுக்கு நீ ஆர்?" என்று கேட்டேன்.

நீ மெல்லச் சொன்னாய். "நீங்கள்தானே சொன்னனீங்கள், கலந்தாத் தெரியாது எண்டு."

போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி, அதனால்தான் வைத்தேன். அதற்குப் பிறகு நீ எடுத்த எந்த அழைப்புக்கும் நான் பதில் சொல்லாததும் அதனால்தான். உன்னைத் திட்ட வாயெடுத்தால் அந்தச் சோற்றுக் கோப்பை முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். அந்தச் சோற்றை நான் தின்றேன். முதலாளி தின்னவில்லை, கலக்கச் சொன்னவர் மணந்துகூடப் பார்க்கவில்லை. உன் அம்மா என்னைத் தின்னவைத்தாள், அதற்குப் பிறகு மில்லில் அந்த வேலையை நான் செய்யவில்லை. நீ இன்னும் தின்னவில்லை. எவரும் உன் முன்னால் கோப்பையை வைக்கவில்லை. வைக்கவேண்டியவள் இல்லை, அதனால் நான் வைக்கிறேன்.

ஐந்தாவது பையில் நுள்ளி நுள்ளி எடுத்தது போக அரைவாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. அது யாருக்கென்று உனக்குத் தெரியும். நிச்சயம் முடிந்த கிழமை மருமகள் எனக்குப் போன் எடுத்தாள். சுவிஸில் வளர்ந்த பிள்ளை, தமிழைத் தேடித் தேடித்தான் கதைக்கிறாள். "மாமா, மாமி சாயம் போட்ட கம்பளியில எனக்கு ஒரு சால்வை வேணும். நானே பின்னுவன். கூறைச் சேலைக்கு மேல போடப்போறன்" என்றாள். கல்யாணம் நடக்கப்போகிற வவுனியா வெயிலில் கம்பளிச் சால்வையோ பிள்ளை என்று கேட்டேன். தாலி கட்டுற நேரம் மட்டும் மாமா, பிறகு கழட்டுவன் என்று சிரித்தாள். அவள் அம்மாவைக் கண்டதில்லை. கண்டிராத ஒருத்தியின் நிறத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளை. இந்த வீட்டுக்கு அப்படியொரு ஆள் வருகிறதென்று பையை அலுமாரியில் பூட்டிவைத்தேன், அதற்குப் பிறகு நுள்ளவும் இல்லை.

போன கிழமை அந்தப் பையை வெளியே எடுத்தேன். கையால் பிரித்து, தட்டில் பலகை தெரியப் பரப்பி, ஒரு பிடி வெள்ளை, ஒரு பிடி கறுப்பு, மிச்சமெல்லாம் அம்மா. இரண்டே தரம் விட்டேன். அவசரப்படவில்லை, யாரும் கலைக்கவில்லை. இராசாத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாயையும் உரித்து, மடித்து, முகத்தில் ஒற்றிக்கொண்டு வைத்தாள். பதினொரு பாய் வந்தது. சிவப்பு கோடு கோடாக, அவள் விட்ட மாதிரியே. பிறகு அந்தப் பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் கணவர் போட்டுக்கொண்டு போன உடுப்பில் என் மனைவியின் சாயம் ஒரு நுள்ளுத்தான், மிச்சம் அவள் செத்த பிறகு நான் சந்தையில் வாங்கிப் போட்டது, தெரியக்கூடாதென்று ஐந்து தரம் சீவி மறைத்தேன், என் மகன் கேட்டான், நான் செய்தேன், இரண்டு பேருக்கும் தெரிந்துதான் செய்தோம் என்று எழுதினேன். இராசாத்தியின் மகளிடம் கொடுத்து, மெழுகாமல் ஆங்கிலத்தில் மாற்றி எழுது பிள்ளை என்றேன். பாதியில் அவள் பேனையை வைத்துவிட்டாள்.

"இத வாசிச்சா அவங்க என்ன செய்வாங்க ஐயா?"

எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. அவருடைய நிம்மதியை நான் உடைக்கிறேன் என்று நீ சொல்வாய். உடைக்கிறேன்தான். அதை நினைத்து மூன்று நாள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தபால் கந்தோர் வாசலில் வைத்து ஒரு தரம் திரும்பியும் வந்தேன். ஆனால் அவர் இன்னும் கேட்கிறாரே. தன் கடைசி உடுப்புக்கும் கேட்கிறார். இரண்டாம் தரமும் பக்கற்றை அனுப்புகிற அளவுக்கு என்னால் இறங்க முடியவில்லை. பதினொரு பாயையும் சுற்றி, பின்னல் துண்டையும் கடிதத்தையும் வைத்து, நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். அவர் எரித்தாலும் எரிக்கட்டும், பின்னினாலும் பின்னட்டும். அவருக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. இப்போது இந்த வீட்டில் அம்மாவின் சிவப்பு ஒரு மயிர்கூட இல்லை. மெசினின் கம்பிகளுக்குள் சிக்கியிருந்ததையும் தூரிகையால் எடுத்து அந்தப் பொதிக்குள்ளேயே வைத்தேன்.

கொட்டில் பூட்டிக் கிடக்கவில்லை, அதை நினைத்து நீ பயப்படத் தேவையில்லை. இராசாத்தி தேக்கங்கொழுந்து பறித்துவந்து தன் கைக்கு வருகிற ஒரு சிவப்பைப் போட்டுப் பார்க்கிறாள். அம்மாவுடையதைவிடக் கொஞ்சம் கறுப்பு, சாயம் அவ்வளவு கெட்டியில்லை. அதை அனுப்பினால் இராசாத்தி போட்ட சாயம் என்று எழுதவேண்டும். வேறெதுவும் எழுதினால் இந்தக் கைப்பிடியை நான் சுற்றமாட்டேன். ஐந்து தரம் சீவிய பாய்களை யார் யார் வாங்கினார்கள் என்று உன்னிடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் நீ எழுது. எழுதுகிறபோது குமட்டும். எனக்கும் குமட்டியது, எழுதி முடித்த பிறகு கொஞ்சம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. நான் உன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெறுத்தவனுக்கு யாரும் இவ்வளவு நீளமாக எழுதமாட்டார்கள். உன்னை எனக்குப் பிடிக்காமல் போன நாள் என்று ஒன்று இருந்தால் அது நீ கடிதத்தைப் படம் பிடிக்கச் சொன்ன நாள். அந்த ஒரு நாள்தான்.

மருமகள் முந்தநாள் போன் எடுத்தாள். கம்பளி எப்போது வரும் மாமா, பின்ன நாள் வேணுமே என்று கேட்டாள். கம்பளி இல்லைப் பிள்ளை, ஏன் இல்லையென்று அவனைக் கேள் என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்பாள். விட்டுவிட்டுக் கேட்பாள், திரும்பவும் கேட்பாள், கூறை உடுத்துகிறபோதும் கேட்பாள். அவளிடம் நீ எதையும் கலக்கலாம், எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முதல்நாள் அவளுக்குப் போன் எடுத்து, சால்வை ஏன் இல்லையென்று அவன் என்ன பிள்ளை சொன்னவன் என்று கேட்பேன். அவள் சொல்கிறதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வவுனியா பஸ் ஏறுவேன்.

அப்பா